மூலப்பிரதியில் இல்லாத வரி

9 ஜூலை 2018

மகளுக்கு,

நலம் விசாரிப்பதைக் கடிதத்தின் கடைசிக்கு ஒத்திவைக்கிறேன். அதற்குள் கேட்கத் தோன்றினால் கேட்கிறேன்.

சென்ற செவ்வாய்க்கிழமை எங்கள் அச்சகத்துக்கு ஒரு கையேட்டின் மெய்ப்பு வந்தது. நீ சேர்ந்திருக்கும் கல்லூரியின் வேலை. இடைத்தரகர் ஒருவர் வழியாக வந்தது. எங்களிடம்தான் வந்து சேரும் என்று நீ அறிந்திருக்க நியாயமில்லை. 'சேர்க்கை விண்ணப்பத்தில் உங்கள் கதையைச் சொல்வது எப்படி?' என்பது தலைப்பு. உள்ளே, அடுத்த ஆண்டு விண்ணப்பிப்போருக்கு மாதிரியாகப் பன்னிரண்டு மாணவர்களின் கட்டுரைகள். பெயர்கள் இல்லை, எண்கள் மட்டும். உனக்கு ஏழாம் எண் கொடுத்திருக்கிறார்கள்.

எங்கள் வேலை முறை உனக்குத் தெரியும். ஒருவர் எழுதியவரின் மூலப்பிரதியை வாய்விட்டுப் படிக்க, நான் அச்சிட்ட தாளில் பிழை பார்ப்பேன். பள்ளி விடுமுறைகளில் என் அருகில் அமர்ந்து நீ படித்துக் காட்டுவாய். எப்போதும் ஒரு சொல் முன்னதாகவே ஓடுவாய். அதனால்தான் முதலாளி உனக்கு 'முந்திரிக்கொட்டை' என்று பெயர் சூட்டினார். இப்போது அந்த வேலையைப் பைண்டிங் பிரிவுத் தங்கை செய்கிறாள். நீ 'வெடிச்சிரிப்பு' என்று பட்டம் கட்டினாயே, அவள்தான்.

மெய்ப்புத் திருத்துநர் பொருளைப் படிக்கலாகாது, எழுத்தை மட்டுமே படிக்க வேண்டும். பொருளில் மயங்கினால் பிழை தப்பிவிடும். அந்த விதிப்படியே ஏழாம் கட்டுரையையும் எழுத்து எழுத்தாகப் பார்த்துச் சென்றேன். பதினொரு பிழைகள். திருத்தினேன். பாதியில் தங்கையின் குரல் கம்மியது. நிமிர்ந்து பார்த்தால், கண்ணைத் துடைத்துக்கொண்டிருக்கிறாள்.

"பாவம்க்கா இந்தம்மா. பெத்த பொண்ணோட மார்க் அட்டையக்கூடப் படிக்கத் தெரியாம கட்டைவிரல உருட்டியிருக்கா. அந்தப் பொண்ணு குப்பைக் காகிதத்தப் பொறுக்கிப் பொறுக்கித் தானாவே எழுத்துக் கத்துக்கிட்டிருக்கு. எங்கிருந்துதான் இப்படிப் பொறக்குதுங்களோ!"

"மேல படி" என்றேன்.

அடுத்த வரியைப் படித்தாள். 'அம்மாவின் இடது கட்டைவிரலில் குறுக்காக ஒரு தழும்பு உண்டு. என் மதிப்பெண் அட்டைகள் எல்லாவற்றிலும் அந்தக் கோடு விழுந்திருக்கும்.'

என் வலக்கையில் பென்சில் இருந்தது. தாளை அழுத்திப் பிடித்திருந்தது இடக்கை. தங்கை என் கட்டைவிரலைப் பார்த்தாள். பிறகு காகிதத்தைப் பார்த்தாள். அதன் பிறகு எந்தப் பக்கம் பார்ப்பதென்று அவளுக்குத் தெரியவில்லை. அன்று முழுவதும் அவள் சிரிக்கவே இல்லை. "மிஷினு ஏதும் ரிப்பேரா, இவ்வளவு அமைதியா இருக்கு?" என்று முதலாளி வந்து கேட்டுவிட்டுப் போனார்.

அந்தக் கட்டுரையில் வரும் பெண்மணி யார்? உன் மதிப்பெண் அட்டைகளில் நான் இட்ட கையொப்பத்தைப் பார்த்து, "உங்க அம்மா என்ன ஆபீஸரா?" என்று உன் ஆசிரியை கேட்டதாக நீதான் வந்து சொன்னாய். சரி, அதை விடு. குப்பைக் காகிதம் பொறுக்கி எழுத்துக் கற்ற அந்தச் சிறுமி யார்? அவளை நான் நன்கு அறிவேன். அவளுக்கு இப்போது வயது நாற்பத்தாறு. இந்தக் கடிதத்தை அவள்தான் எழுதிக்கொண்டிருக்கிறாள்.

நலம் விசாரிக்க இன்னும் தோன்றவில்லை. ஆயினும் விடுதியில் வேளைக்குச் சாப்பிடு.

உன் அம்மா


21 ஜூலை 2018

அம்மா,

மூன்று தடவை எழுதிக் கிழித்துவிட்டேன். போன் செய்தால் நீ எடுப்பதில்லை. அப்படியே எடுத்தாலும் "எழுத்துல சொல்லு" என்பாய், தெரியும்.

முதலில் நான் உண்மையைத்தான் எழுதினேன். நம்பு. நாலாவதோடு பள்ளியை விட்டவள் அச்சகத்தில் தாள் மடிக்கப் போனது, கழிவுத் தாள்களை வைத்து எழுத்துக் கற்றது, மருந்துச் சீட்டு ஒன்றில் முன்பக்கம் மூன்று வேளை என்றும் பின்பக்கம் இரண்டு வேளை என்றும் இருந்ததைக் கண்டுபிடித்துத் திருத்துநர் ஆனது, எல்லாம் இருந்தது. 'எங்கள் வீட்டுச் சிவப்பு மை' என்று தலைப்பு வைத்திருந்தேன். பள்ளியில் விண்ணப்பங்களைப் பார்க்கும் வழிகாட்டி மிஸ்ஸிடம் காட்டினேன். இரண்டு முறை படித்தார்.

"ரொம்ப நல்லா எழுதியிருக்க. ஆனா இது உங்கம்மா கதைடி. மலை ஏறினது அவங்க. நீ அவங்க தோள்ல உக்காந்து வேடிக்கை பாத்திருக்க. தோள்ல உக்காந்தவளுக்கு யாரு சீட்டு குடுப்பா?"

"அப்ப நான் என்ன எழுதறது மிஸ்?"

"உன் கஷ்டத்த எழுது."

இரண்டு நாள் யோசித்தேன். எனக்கு ஒரு கஷ்டமும் வராமல் நீ பார்த்துக்கொண்டாய் அம்மா. அதுவே எனக்குக் கஷ்டமாகப் போயிற்று.

முதலில் ஒரு வரியைத்தான் மாற்றினேன். ஒரு சொல் கூடினால் பக்கம் முழுக்க நகரும் என்று நீ சொல்வாயே, அப்படித்தான் நடந்தது. உன் கழிவுத் தாள்களை நான் பொறுக்கினால், நீ எனக்குக் கற்றுக்கொடுத்திருக்க முடியாது. நீ கற்றுக்கொடுக்கவில்லை என்றால் உனக்குத் தெரிந்திருக்கக் கூடாது. உனக்குத் தெரியாது என்றால் கையெழுத்தும் இருக்க முடியாது. கடைசியில் உன் கட்டைவிரல்தான் மிஞ்சியது.

அது கட்டுரைதானே அம்மா, சத்தியப் பிரமாணம் இல்லையே. பேர் இல்லை, ஊர் இல்லை. யாருக்குத் தெரியப்போகிறது என்று நினைத்தேன். உன்னிடமே வரும் என்று கனவா கண்டேன்? இவ்வளவு கோபம் இருந்தால் முதலாளியிடம் சொல்லி அதை எடுத்திருக்கலாமே. ஏன் எடுக்கவில்லை?

பதினொரு பிழையா? நிஜமாகவா? அனுப்பும் முன் நாலு தடவை பார்த்தேன்.

உன் முந்திரிக்கொட்டை


2 ஆகஸ்ட் 2018

மகளுக்கு,

ஏன் எடுக்கவில்லை என்று கேட்டிருக்கிறாய். முறையான கேள்வி. முறையாகவே விடை தருகிறேன்.

தங்கை வாயை மூடிக்கொண்டிருந்தாலும் அவள் முகம் ஊருக்கே தண்டோரா போட்டுவிட்டது. முதலாளி மெய்ப்பை வாங்கிப் படித்தார். மூக்குக் கண்ணாடியைக் கழற்றி மேசைமேல் வைத்தார்.

"என்னம்மா இது? உங்களப் போய் எழுதப் படிக்கத் தெரியாதவங்கன்னு போட்டிருக்கு! ஒரு போன் போட்டா எடுத்துருவாங்க. நானே பேசறேன்."

"எடுத்தா ஏன் எடுத்தீங்கன்னு கேப்பாங்க முதலாளி. காரணம் சொன்னா புள்ளைக்கு சீட்டு போயிரும்."

அவர் கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டு மெய்ப்பை என்னிடமே திருப்பித் தந்தார். நான் வழக்கம்போல் கடைசிப் பக்கத்தின் அடியில் 'படித்துப் பார்த்தேன், அச்சிடலாம்' என்று எழுதிக் கையொப்பமிட்டேன். தனக்கு எழுதப் படிக்கத் தெரியாது என்னும் செய்தியில் பிழையேதும் இல்லை என்று ஒருத்தி தன் கைப்பட எழுதிக் கையெழுத்திட்ட வேடிக்கை இதற்கு முன் எந்த அச்சகத்திலும் நடந்திராது.

ஒன்றை மட்டும் நீ அறிய வேண்டும். என் கட்டைவிரல் தழும்பை அடுப்பில் சுட்டதாக எழுதியிருக்கிறாய். நீ கேட்டதில்லை, நானும் சொன்னதில்லை. அது பைண்டிங் பிரிவின் கொதிக்கும் பசைச் சட்டியில் சூடுபட்டது. இடக்கையால் பசையைக் கிளறிக்கொண்டே வலக்கையில் ஒரு கழிவுத் தாளை வைத்துப் படித்துக்கொண்டிருந்தேன். கதையின் முடிவு தெரியாமல் கண்ணை எடுக்க மனம் வரவில்லை. படித்ததால் வந்த தழும்பு அது. படிக்காததற்கு அதைச் சாட்சி ஆக்கிவிட்டாய்.

நடந்தது நடந்துவிட்டது. உனக்கு இடம் கிடைத்தது. எனக்கு அதில் மகிழ்ச்சி இல்லை என்று சொன்னால் அது பொய். ஒரே ஒரு வேண்டுகோள். ஆற்றைக் கடந்தபின் ஓடத்தைத் தலையில் சுமக்காதே. இனி அந்தக் கதையை எவரிடமும் சொல்லாதே.

உன் அம்மா


14 மார்ச் 2022

அன்புள்ள அம்மாவுக்கு,

நலம். நீங்களும் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். உங்கள் மூட்டுவலி எப்படி இருக்கிறது?

முன்பே போனில் சொன்ன வேலையில் சேர்ந்து ஐந்து மாதம் ஆகிறது. பெரியவர்களுக்கு எழுதப் படிக்கக் கற்றுக்கொடுக்கும் அறக்கட்டளை. மேசை, நாற்காலி, கதவில் என் பெயர் எல்லாம் இருக்கிறது. தகுதிகாண் காலம் இந்த மாதக் கடைசியோடு முடிகிறது. அதன் பிறகு நிரந்தரம் செய்வார்கள், அல்லது செய்ய மாட்டார்கள்.

ஒரு விஷயத்தை இதுவரை நான் உங்களிடம் சொல்லவில்லை. நேர்காணலில் நாலு பேர் உட்கார்ந்திருந்தார்கள். என் மதிப்பெண்ணை ஒருவரும் பார்க்கவில்லை. இயக்குநர் அம்மா, "உங்களப் பத்தி ஒரு கதை சொல்லுங்க" என்றார். வேறு ஏதாவது சொல்லலாம் என்றுதான் வாயைத் திறந்தேன். அதுதான் வந்தது. கல்லூரியில் முதல் வருடமே மேடையேற்றிச் சொல்ல வைத்தார்கள் அம்மா. பரிசு கொடுத்தார்கள். அடுத்த வருடம் புதிதாகச் சேர்ந்தவர்களுக்குச் சொல்லச் சொன்னார்கள். ஒவ்வொரு தடவையும் இது கடைசி என்று நினைத்துக்கொள்வேன். நாக்குக்கு அந்தத் தடம் பழகிவிட்டது.

இப்போது அறக்கட்டளையின் ஆண்டு மலரில் அதைப் போட விரும்புகிறார்கள். உங்கள் ஒப்புதல் வேண்டுமாம். படிவத்தை இத்துடன் வைத்திருக்கிறேன். கீழே ஒரு கட்டம் இருக்கிறது. 'கையொப்பம் அல்லது இடது கட்டைவிரல் ரேகை' என்று போட்டிருக்கிறது. இரண்டில் எது என்று... நான் சொல்ல மாட்டேன். உங்களுக்கே தெரியும்.

உங்கள் படம் ஒன்றும் கேட்கிறார்கள். கண்ணாடி அணியாதது இருந்தால் நல்லது.

முகவரி எழுதிய உறை உள்ளே இருக்கிறது. நீங்கள் எழுத வேண்டியதில்லை.

உங்கள் மகள்


22 மார்ச் 2022

மகளுக்கு,

பிறந்ததிலிருந்து என்னை 'நீ' என்று அழைத்தவள், 'நீங்கள்' என்று எழுதியிருக்கிறாய். இது கடிதமன்று, விண்ணப்பம் என்று முதல் வரியிலேயே விளங்கிவிட்டது.

விண்ணப்பம் ஏற்கப்பட்டது.

முதலாளியிடம் மைப்பெட்டி கேட்டேன். "யாருக்கும்மா ரேகை?" என்றார்.

"எனக்குத் தெரிஞ்ச ஒரு பொம்பளைக்கு முதலாளி. எழுதப் படிக்கத் தெரியாது."

அவருக்குப் புரிந்துவிட்டது. பெட்டியைக் கொடுத்துவிட்டு வெளியே போய் நின்றுகொண்டார்.

பதினொரு வயதில் நான் இங்கு வேலைக்கு வந்தபோது வருகைப் பதிவேட்டில் எல்லாப் பெண்களும் வரிசையாக நின்று ரேகை வைப்பார்கள். முதல் நாள் என் முறை வந்தபோது ஒளிந்துகொண்டேன். இரண்டாம் நாள், வேறெந்தச் சொல்லும் பிழையின்றி எழுத வராத நிலையில், என் பெயரை மட்டும் எழுதினேன். ஆகவே நேற்று வைத்ததுதான் என் வாழ்வின் முதல் ரேகை. எனக்கு உருட்டத் தெரியவில்லை. கழிவுத் தாளில் வைத்துப் பார்த்தேன், மை அப்பிக்கொண்டது. வெடிச்சிரிப்புத் தங்கை வந்து என் விரலைப் பிடித்து, குழந்தைக்குச் சொல்வதுபோல், "அழுத்தாதக்கா. இந்தப் பக்கத்துலேருந்து அந்தப் பக்கம். அவ்வளவுதான்" என்று உருட்டிவிட்டாள். பைண்டிங் பிரிவில் எழுதத் தெரியாதவர்களுக்கு ரேகை உருட்டிவிடுவது அவள்தான். ரேகை தெளிவாக விழுந்திருக்கிறது. தழும்பின் கோடும் தெரிகிறது. உன் கதைக்கு அது தேவைப்படும்.

கண்ணாடி அணியாத படம் என்னிடம் இல்லை. எடுக்கச் சென்றேன். "ஏம்மா கழட்டுறீங்க? முகத்துக்கு எடுப்பா இருக்கே" என்றார் புகைப்படக்காரர். "பொண்ணு கேட்டிருக்கா" என்றேன். கண்ணாடி இல்லாமல் கேமரா எங்கிருக்கிறது என்று எனக்குத் தெரியவில்லை. அதனால் படத்தில் உன்னைப் பாராமல் வேறெங்கோ பார்ப்பதுபோல் இருக்கும். பொறுத்துக்கொள்.

படிவத்தின் இரண்டாம் பத்தியில் ஒரு பிழை இருந்தது. திருத்தவில்லை. திருத்தினால் உனக்கு ஆகாது.

இது என் கடைசிக் கடிதம். ரேகை வைக்கும் பெண்மணி கடிதம் எழுதுவது பொருந்தாது. உறையின்மேல் என் எழுத்தை உன் அலுவலகத்தில் எவரேனும் பார்த்துவிட்டால் உனக்குத்தான் இடைஞ்சல். நீயும் எழுத வேண்டாம். படித்துக் காட்ட இங்கே எனக்கு ஆள் இல்லை.


5 நவம்பர் 2022

அம்மா,

இது ஆறாவது கடிதம். ஐந்துக்கும் பதில் இல்லை.

ஏப்ரலில் என்னை நிரந்தரம் செய்தார்கள். அந்தப் படிவத்தை நான்தான் என் கையால் கோப்பில் வைத்தேன். அதைப் பற்றி எழுத எனக்கு யோக்கியதை இல்லை.

செப்டம்பரில் வீட்டுக்கு வந்தேனே. சமைத்துப் போட்டாய், தலைக்கு எண்ணெய் வைத்துவிட்டாய், பக்கத்து வீட்டுச் சண்டையைச் சொல்லிச் சிரிக்க வைத்தாய். சரியாகிவிட்டாய் என்று நினைத்தேன். மறுநாள் காலையில் செய்தித்தாளை உன் பக்கம் தள்ளினேன். நீ அதைத் தொடவே இல்லை. "நீயே படிச்சுச் சொல்லு. எனக்கு எங்க தெரியும்?" என்றாய். கோபமாகக்கூடச் சொல்லவில்லை. அலமாரியைப் பார்த்தேன். உன் அகராதி இருந்த இடத்தில் இரும்புப் பெட்டி இருந்தது. படித்தேன். நீ கண்ணை மூடிக் கேட்டாய். ஒரு சொல்லை நான் தப்பாகச் சொன்னபோது உன் உதடு மட்டும் அசைந்தது, சரியாக. பிறகு அதையும் இறுக்கிக்கொண்டாய்.

போன வாரம் எங்கள் வகுப்புக்கு வரும் துணி தேய்க்கும் அம்மா ஆண்டு மலரைக் கையில் வைத்துக்கொண்டு என் மேசைக்கு வந்தார். இப்போதுதான் எழுத்துக் கூட்டுகிறார். உன் படத்தின் கீழே இருந்ததை விரல் வைத்துக் கூட்டிக் கூட்டிப் படித்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

"உங்கம்மாவா? ஏம்மா, ஊருக்கெல்லாம் சொல்லித் தர்ற, பெத்தவள மட்டும் கட்டைவிரலோடவே விட்டுட்டியே! கூட்டிட்டு வா. என் பக்கத்துல உக்கார வச்சுக்கறேன். மொதல்ல கொஞ்சம் வெக்கமா இருக்கும், அப்புறம் சரியாயிடும்னு சொல்லு. என் நோட்டுல பாதி இன்னும் காலியா கெடக்கு, அவங்களுக்குக் குடுக்கறேன்."

நான் நேராக இயக்குநர் அறைக்குப் போனேன். எல்லாவற்றையும் சொன்னேன். விலகல் கடிதத்தையும் நீட்டினேன். அவர் அதைப் பிரிக்கவே இல்லை. நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டார்.

"அட, இது அத விட நல்ல கதையாச்சே! இதையே எழுதிக் குடும்மா. அடுத்த மலர்ல மொதல் பக்கம்."

சிரிக்காதே. அல்லது சிரி.

எழுதியிருக்கிறேன், ஒன்பது பக்கம். அவருக்காக இல்லை. உன்னுடையதை உனக்கே திருப்பித் தர எனக்கு வேறு வழி தெரியவில்லை. கழிவுத் தாள், மருந்துச் சீட்டு, பசைச் சட்டி, சிவப்பு மை எல்லாம் உன் பெயரில் இருக்கின்றன. எதையும் கூட்டவில்லை. நீ பார்த்துக் கையெழுத்துப் போடாமல் இதைக் கொடுக்க மாட்டேன்.

படித்துப் பார் அம்மா. உனக்குப் படிக்கத் தெரியும்.

உன் முந்திரிக்கொட்டை


21 நவம்பர் 2022

கட்டுரை ஆசிரியருக்கு,

தாங்கள் அனுப்பிய ஒன்பது பக்கங்கள் வந்து சேர்ந்தன. திருத்துநர் என்ற முறையில் மட்டும் இதை எழுதுகிறேன்.

கட்டுரை மூலத்துடன் ஒப்பிட்டுப் படிக்கப்பட்டது. மூலப்பிரதி என் நினைவிலேயே இருப்பதால் படித்துக் காட்ட ஆள் தேவைப்படவில்லை. எனினும் தங்கை பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். நான் வாய்விட்டுப் படிக்க, அவள் கேட்டாள்.

நான்காம் பக்கத்தில் பசைச் சட்டி விவரம் வருகிறது. வயது பன்னிரண்டு அன்று, பதின்மூன்று. திருத்தியிருக்கிறேன்.

எழுத்துப் பிழை ஒன்றுகூட இல்லை. இரண்டாம் முறையும் தேடினேன். நீ பிழையின்றி எழுதிய முதல் கட்டுரை இதுவே. என்னிடம் படித்தவள் எழுதியது என்று எவரும் சொல்வார்கள்.

ஒன்பதாம் பக்கத்தின் கடைசி வரி: 'என் அம்மா என்னை மன்னித்துவிட்டார்.'

இவ்வரி மூலப்பிரதியில் இல்லை. கட்டுரை அங்கே முடிந்தால் அழகாக இருக்கும் என்று எழுதியவர் கருதியிருக்கலாம். எங்கிருந்து எடுக்கப்பட்டது என்பதை அவர் தெரிவிக்க வேண்டும். அதுவரை 'அச்சிடலாம்' என்று கையொப்பமிட என்னால் இயலாது.

அடிப்பதற்குத்தான் சிவப்பு மையை எடுத்தேன். கை வரவில்லை. ஓரத்தில் பென்சிலால் ஒரு கேள்விக்குறி மட்டும் இட்டு வைத்திருக்கிறேன்.

மெய்ப்புத் திருத்துநர்